தோற்ற வழக்கின் தாம்பூலத் தட்டு

க்ளெமான் சவரிமுத்து ஆயுள் முழுக்க வக்கீலாக இருந்தவர். ஆனாலும் நீதிமன்றத்துக்குள் அவர் குரலைக் கேட்டவர்கள் கிடையாது. மொரீஷியஸில் வக்கீல் தொழில் இரண்டு கூறாக இருக்கிறது. எழுந்து நின்று, கையை ஆட்டி, நீதிபதியைப் பார்த்துப் பேசுகிறவர் அவொக்கா. கட்சிக்காரன் வீட்டுக்குப் போய் விஷயத்தைக் கேட்டு, சாட்சிகளைத் தேடிப் பிடித்து, மனு எழுதி, வழக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டு அவொக்காவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவுவே. சமைக்கிறவர் ஒருவர், பரிமாறிப் பேர் வாங்குகிறவர் ஒருவர். க்ளெமான் சமைக்கிறவர். அவொக்கா எதையாவது மறந்துவிட்டால் பின்னாலிருந்து அவர் அங்கியின் நுனியைப் பிடித்து இழுக்கலாம். நீதிமன்றத்துக்குள் அவுவேக்கு உள்ள சுதந்திரம் அவ்வளவுதான்.

அவருடைய முன்னோர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து கொத்து வேலைக்கு வந்தவர்கள். கரும்பு வெட்ட ஒப்பந்தத்தில் வந்த கூட்டத்துக்கு முந்தியே வந்து, ஞானஸ்நானம் பெற்று, வீட்டில் பிரெஞ்சும் தெருவில் கிரியோலும் பேசப் பழகிவிட்ட குடும்பம். மிச்சமிருந்த தமிழ் உறவுமுறைகளிலும் சமையலறையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தையை அத்தை என்றும், ரசத்தை ரசம் என்றும் சொல்வார்கள். கல்யாணம் என்றால் மாதா கோயில் பூசை முடிந்து வருகிறவர்களுக்கு வாசலில் வெற்றிலை பாக்குத் தட்டு நீட்டுவார்கள். அது ஏன் என்று யாராவது கேட்டால் பதில் தெரியாது. நீட்டாவிட்டால் மட்டும் வீட்டில் சண்டை வரும்.

க்ளெமான் ஏழைகளின் வக்கீலானதற்குப் பெரிய மனசு காரணமில்லை. முதலில் அவர் தலைநகர் போர்லூயியில், தோட்ட முதலாளிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பெரிய வக்கீலிடம் இருந்தார். கூலிகள் மேல் அனுப்பும் நோட்டீஸ்களை அழகாக எழுதுவார். ஒரு நாள் ஜன்னலோரத்து நல்ல மேஜை காலியானது. அது தனக்குத்தான் என்று க்ளெமான் நினைத்திருக்க, நேற்று வந்த வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைக்குப் போனது. அன்றே பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "கோபம் ஆறினதும் திரும்பிப் போயிடலாம்" என்றாள் மனைவி மொனிக். கோபம் ஆறவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலை அவளுக்குத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சென்ட்ர் டி ஃப்ளாக்கில் ஐயாசாமி ஒரு சங்கம் வைத்தார். ஐயாசாமி துணிக்கடைக்காரர். முதல் உலக யுத்தம் முடிந்து சர்க்கரை விலை தாறுமாறாக ஏறியிருந்த நேரம். ஒன்றிரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருந்தவர்கள்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள். அந்த நிமிர்வில் ஆரம்பித்ததுதான் சிறுதோட்டக்காரர் நியாய சங்கம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்குச் சங்கம் வழக்கு நடத்தும். அறுவடை முடிந்ததும் அவரவர் முடிந்ததைக் கொடுப்பார்கள். துணிக்கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேஜை, கீழேயிருந்து மாடியேறி வரும் புதுத்துணி வாசனை. க்ளெமான் தன் வீடிருந்த வக்குவாவிலிருந்து திங்கட்கிழமை ரயிலேறி, போர்லூயியில் இறங்கி வேறு வண்டி மாறி, மத்தியானம் ஃப்ளாக் வந்து சேருவார். சனிக்கிழமை அதே வழியில் திரும்புவார்.

கோயிலில் தாலி கட்டிய கல்யாணத்தைச் சர்க்கார் ஏற்காததால் தகப்பன் பெயரை இழந்த பிள்ளைகள், முதலாளியின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்துக்கு வெளியே நடந்ததற்காகப் பிடிபட்ட கூலிகளின் பழைய வழக்குகள், தராசில் கரும்பை அடித்துக் குறைக்கும் ஆலைகள் என்று எல்லாம் அந்த மேஜைக்கு வந்தன. பெரும்பாலும் தோற்றார். "தோத்தா என்ன மிசியே, நம்மளும் போய்க் கேட்டோம்னு அவங்களுக்குத் தெரியணும்ல" என்பார் ஐயாசாமி. மனு எழுதாதவர்களுக்கு அப்படிச் சொல்வது சுலபம் என்று க்ளெமான் நினைத்துக்கொள்வார்.

பெத்தி ரவீன் வழக்கு அப்படி ஒரு திங்கட்கிழமைதான் வந்தது.

பெத்தி ரவீன் ஃப்ளாக்குக்குக் கிழக்கே சின்னக் கிராமம். பெரிய தோட்டக்காரர்கள் ஓரத்து நிலங்களைத் துண்டு துண்டாக விற்றுக் கழித்த காலத்தில், பக்கத்துத் தோட்டத்தின் கிழத்துரையிடம் நிலம் வாங்கிய தமிழ்க் கூலிகள் உண்டாக்கிய ஊர். ஊருக்குக் கிணறு ஒன்றுதான். வெயில் காலத்தில் அதன் அடியில் தவளைதான் இருக்கும். தண்ணீருக்கு ஆறுதான். ஆற்றுக்குப் போகிற மண்பாதை துரையின் கரும்புக்கு நடுவே போயிற்று. பெண்கள் குடத்தோடு போவதும், மாடு போவதும், தைப்பூசத்தன்று ஊரே ஆற்றில் குளித்துக் காவடி எடுத்துக் கோயிலுக்கு வருவதும் அந்தப் பாதையில்தான். பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கால் பழகிய பாதையை எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கிழத்துரை இறந்தார். தோட்டம் அவர் தம்பி மகன் தெனி துரைக்கு வந்தது. நகரத்தில் வளர்ந்தவர், ஒழுங்கு பிடித்தவர். கரும்பு ஏற்றும் சின்ன ரயிலுக்குத் தண்டவாளம் போட்டார்; அது பாதையைக் குறுக்கே வெட்டிப் போயிற்று. பிறகு இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார். பெண்கள் பெரிய ரோடு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். காலையில் போனவள் சோறு வடிக்கும் நேரம் தாண்டித்தான் திரும்பினாள்.

சட்டத்தின் முன்னால் கேள்வி ஒன்றுதான். ஊர்க்காரர்கள் அந்தப் பாதையில் தங்கள் வழி என்று நடந்தார்களா, துரையின் தயவில் நடந்தார்களா? முன்னது என்றால் கதவைத் திறக்கச் சொல்லலாம். பின்னது என்றால், தயவு காட்டியவன் எந்த நிமிஷமும் அதை நிறுத்திக்கொள்ளலாம்.

முக்கிய சாட்சி விநாயகம். கோயில் தர்மகர்த்தா. ஐம்பதைத் தாண்டியவர், எலும்பும் நரம்புமான உடம்பு, பேச்சு அளந்துதான் வரும். ஊரில் வேலித் தகராறோ புருஷன் பெண்டாட்டி சண்டையோ, விநாயகம் இப்படித்தான் நடந்தது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. க்ளெமான் அவர் வீட்டு முற்றத்தில் பலாமரத்தடியில் உட்கார்ந்து விசாரித்தார். பாதி கிரியோல், பாதி தமிழ். விநாயகத்தின் மனைவி பூங்காவனம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

"அந்த வழியா நடக்க யார்கிட்டயாவது கேட்டிருக்கீங்களா, மிசியே விநாயகம்?"

அவரை மிசியே, அதாவது ஐயா, என்று அதுவரை யாரும் அழைத்ததில்லை. பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதுக்குக் கேக்கணும்? எங்கப்பா நிலம் வாங்குனப்பவே இதுதான்டா உங்க வழின்னு கிழத்துரை கையைக் காட்டுனாரு. அன்னையிலேர்ந்து நடக்குறோம்."

க்ளெமானுக்கு இனித்தது. வேகமாக எழுதினார். விநாயகமும் உற்சாகமானார்.

"துரைக்கும் எங்களுக்கும் அவ்வளவு ஒத்துமை மிசியே. தைப்பூசத்துக்குக் காவடி கெளம்புறதுக்கு முன்னாடி, பாதை ஆரம்பிக்கிற பாதாம் மரத்தடிக்கு மேளதாளத்தோட தாம்பூலத் தட்டு எடுத்துட்டுப் போவோம். அவரு வந்து நிப்பாரு. மாலை போட்டு, தலையில பரிவட்டம் கட்டி, நான்தான் தட்டைக் கையில குடுப்பேன். அவரு தட்டை வாங்கித் தலையை அசைச்சாத்தான் ஊரு பாதையில எறங்கும்."

க்ளெமானின் பேனா நின்றுவிட்டது.

தலையசைத்தால்தான் இறங்கும்! இதை எதிர்த்தரப்பு கேட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. வருஷா வருஷம் தட்டோடு போய் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய தயவு என்ன வேண்டும்? பெருமையாகச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிற மனிதரைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வக்கீல் மூளை அர்த்தத்தைத் தானே எழுதிக்கொண்டுவிட்டது.

"மிசியே விநாயகம், நல்லாக் கேளுங்க. கோர்ட்டில் தட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது."

"ஏன்?"

"திறந்தால் வழி போயிடும்."

விநாயகம் எழுந்து வீட்டுக்குள் போனார். சாமி விளக்கைத் தொட்டு வணங்கிவிட்டுத் திரும்பி வந்து, "சத்தியம் மிசியே. தட்டைப் பத்திப் பேச மாட்டேன்" என்றார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு விளக்கைத் தொடுவானேன் என்று க்ளெமானுக்குச் சிரிப்பு வந்தது. எதிர்த்தரப்பு கேட்டால் மட்டும் மறைக்காமல் பதில் சொல்லிவிட வேண்டும் என்று சேர்த்துச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. சத்தியப் பிரமாணம் எடுத்த சாட்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்றே அவர் எண்ணியிருந்தார். அவர் பழகிய உலகத்தில் எல்லோருக்கும் தெரியும்தான்.

விசாரணை ஃப்ளாக் கோர்ட்டில் நடந்தது. ஊரே வந்திருந்தது. சங்கத்துக்காகப் பேசிய அவொக்கா போர்லூயிக்காரர். குரல் நன்றாக இருக்கும், அவசரம் அதிகம். அவர் கேட்டதற்கெல்லாம் விநாயகம் கணீரென்று பதில் சொன்னார். நடக்க யாரிடமும் கேட்டதில்லை, யாரும் தடுத்ததில்லை. மாஜிஸ்திரேட் குறித்துக்கொண்டார். ஐயாசாமி க்ளெமானைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

பிறகு எதிர்த்தரப்பு அவொக்கா எழுந்தார். அவர் கையில் சட்டம் போட்ட ஒரு போட்டோ இருந்தது. துரையின் பெரிய வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பாதாம் மரத்தடியில் கிழத்துரை நிற்கிறார். தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை. எதிரே, நரை விழாத விநாயகம் குனிந்து தட்டை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

"இது நீதானே?"

"நான்தான்."

"கையில் இருப்பது என்ன?"

விநாயகம் பேசவில்லை.

"காவடி கிளம்புவதற்கு முன்னால் எடுத்ததா, பின்னாலா? எதற்காகத் தருகிறாய்? அவர் வாங்க மாட்டேன் என்றால் என்ன செய்வாய்?"

ஒன்றுக்கும் பதில் இல்லை. விநாயகம் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு க்ளெமானை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் தவிப்பு இல்லை. பார்த்தீர்களா, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்கிற மாதிரி இருந்தது. க்ளெமானின் முகத்தில் ஈயாடவில்லை. பேசுங்கள், பேசுங்கள் என்று உதட்டை அசைத்தார். விநாயகத்துக்கு அது புரியவில்லை, அல்லது அது கூடாது என்று நினைத்தார். மாஜிஸ்திரேட் இரண்டு முறை எச்சரித்தார். சட்டத்தின் தண்டனை என்னவென்று சொன்னார். விநாயகம் தலையைக் குனிந்துகொண்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

க்ளெமான் தன் அவொக்காவின் அங்கியைப் பிடித்து இழுத்தார். அவர் குனியவில்லை. மறுபடி இழுத்தார். "எழுந்து ஏதாவது கேட்டு இன்னும் நாறடிக்கவா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவர், அங்கியை வெடுக்கென்று உருவிக்கொண்டார். அவுவே எழுந்து பேசக் கூடாது. க்ளெமான் உட்கார்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று, தவறு என்னுடையது, அந்த ஆள் என் பேச்சைக் கேட்டு நிற்கிறார் என்று கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தொழில் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். அவர் கத்தவில்லை.

தீர்ப்பு அதே வாரம் வந்தது. ஊரார் பாதையில் நடந்தது துரையின் தயவில். கதவு பூட்டியே இருக்கும். அதோடு நில்லாமல் மாஜிஸ்திரேட் இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: விநாயகம் என்கிற சாட்சி உண்மையை மறைத்தவர், அவர் சொல் நம்பத்தக்கதல்ல.

கோர்ட்டுக்கு வெளியே வேலியோரம் க்ளெமான் அவரைப் பிடித்தார்.

"ஏன் பேசாம நின்னீங்க? கேட்டால் சொல்ல வேண்டாமா?"

"நீங்கதானே வாயே தொறக்காதேன்னீங்க. வெளக்கைத் தொட்டுட்டேனே மிசியே."

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை க்ளெமான் அப்போதுதான் கேட்டார்.

"அந்தத் தட்டை எதுக்குக் கொடுக்கிறீங்க?"

"என்ன கேள்வி இது? வீட்டு விசேஷத்துக்கு வர்றவங்களுக்கு வெத்தலை பாக்குக் குடுத்து மரியாதை பண்ண மாட்டமா? விசேஷம் எங்களுது. அவரு விருந்தாளி. விருந்தாளி தட்டை வாங்கிக்கிட்டுத் தலையை அசைக்காம வீட்டுக்காரன் எப்படி விட்டுட்டுப் போறது? அந்த மனுசன் மரத்தடிக்கு வந்ததும் பூட்ஸைக் கழட்டிட்டுத்தான் நிப்பாரு. போட்டோவுல பாக்கலையா?"

போட்டோவில் வெறுங்கால் இருந்தது. க்ளெமான் பார்த்திருந்தார், பார்த்தும் பார்க்கவில்லை. தங்கை கல்யாணத்தில் வக்குவா வீட்டு வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் தட்டு நீட்டியது அவர் கைதான். வாங்கியவர்களில் ஒருவர்கூட அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை. தட்டைக் கொடுக்கிறவன்தான் வீட்டுக்காரன். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேல் கோர்ட்டுக்குப் போகலாமா என்று பார்த்தார். கீழ் கோர்ட்டில் பதிவானதை வைத்துத்தான் மேலே பேச முடியும். பதிவாகியிருந்ததோ மௌனம். அவொக்கா கையை விரித்துவிட்டார்.

விநாயகம் அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் சாவியைக் கழுவித் துடைத்து மூலவர் வாசலில் வைத்துவிட்டு வெளியே வந்தார். ஊர் கூடிக் கெஞ்சியது. "பொய்யன்னு சர்க்கார் எழுதி வச்சிருக்கு. பொய்யன் கையால சாமிக்கு எதுவும் நடக்க வேணாம்" என்றார். வழி போனதைப் பற்றி அவர் அவ்வளவாகப் பேசவில்லை. அந்த ஒரு வரிதான் அவரை அரித்தது. பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாலும் போவதில்லை. பூங்காவனம் பெரிய ரோட்டைச் சுற்றித் தண்ணீர் கொண்டுவருகிறபோது எதிரே வந்த க்ளெமானிடம், "அவரு சாப்புடுறாரு, தூங்குறாரு, வயலுக்குப் போறாரு. பேசத்தான் மாட்டேங்குறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தை மாற்றிக்கொண்டு நடந்தாள். திட்டியிருந்தால் க்ளெமானுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தைப்பூசம் வந்தது. வழக்கில் ஜெயித்த தெனி துரைக்கு மனது நிறைந்திருந்தது. அவர் கல்நெஞ்சக்காரர் ஒன்றுமில்லை. விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் பெரியப்பாவுக்கு நடந்த மரியாதையைக் கூடத்துப் போட்டோவில் பார்த்தே வளர்ந்தவர். அன்றைக்குக் கதவைத் திறந்து விடுவதாக முன்கூட்டியே சொல்லியனுப்பினார். போர்லூயியிலிருந்து விருந்தாளிகளை வரவழைத்தார். பாதாம் மரத்தடியில் நாற்காலிகள் போட்டாயிற்று, குடை விரித்தாயிற்று, போட்டோக்காரனும் மூன்று கால் பெட்டியை நட்டு வைத்தான். துரை வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

யாரும் வரவில்லை. ஊர் கூடி முடிவு எடுத்துச் செய்த எதிர்ப்பு அல்ல அது. தட்டைத் தூக்குகிற கை விநாயகத்தின் கை. அவர் தொட மாட்டேன் என்றார்; அவர் இருக்க நாம் எப்படித் தொடுவது என்று மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். தட்டில்லாமல் பாதையில் இறங்குவது வழக்கமில்லை. ஆகவே காவடிகள் பெரிய ரோட்டில் சுற்றிக்கொண்டு போயின. அந்தத் தீவில் தை மாதம்தான் கோடை; கொதிக்கிற வெயில், கருங்கல் ரோடு, அத்தனை பேரும் வெறுங்கால். முழங்கால் உயரமே வளர்ந்திருந்த கரும்புக்கு அந்தப் பக்கம் மயில்தோகைகள் அசைந்து போவதை மரத்தடியிலிருந்தவர்கள் பார்த்தார்கள். மேளச் சத்தம் கிட்டே வந்தது, பிறகு தள்ளிப் போயிற்று. ஒரு விருந்தாளி அம்மாள், "அவர்கள் இங்கே வர மாட்டார்களா?" என்று கேட்டாளாம். துரை தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாராம். பாதத்தில் கொப்புளத்தோடு கோயிலுக்கு வந்து சேர்ந்தவர்களில் விநாயகமும் ஒருவர். அந்த வருஷம் அவர் வெறும் பால்குடம்தான் எடுத்தார்.

அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் கரும்பைத் துரையின் ஆலைக்குக் கொடுக்காமல் தூரத்து ஆலைக்கு வண்டி கட்டினார்கள், அதனால்தான் துரை இறங்கி வந்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். பத்துப் பேருக்கு முன்னால் தலையில் பரிவட்டம் ஏறாமல் திரும்பியதுதான் அவரைச் சுட்டது என்று க்ளெமான் கடைசிவரை நினைத்தார்.

எப்படியோ, அறுவடை முடிந்த சமயத்தில் ஒரு நாள் துணிக்கடை மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தெனி துரை வந்து, உட்காராமலே பிரெஞ்சில் கேட்டார்.

"அவர்களுக்கு என்னதான் வேண்டுமாம்?"

"வழி" என்றார் க்ளெமான்.

"கதவைத் திறந்து விடுகிறேன். போதுமா?"

"திறந்த கதவை நாளை நீங்களே சாத்தலாம். எழுதிக் கொடுங்கள்."

துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்டவாளத்துக்கு மேல் பலகை போட்டு, ஆளும் மாடும் எந்த நாளும் போகலாம் என்று பத்திரம் எழுதித் தருவதாகச் சொன்னார். ஐயாசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு, ஒத்துக்கொள், ஒத்துக்கொள் என்று சைகை காட்டினார். ஒரு வழக்கிலும் வாங்க முடியாதது மாடியேறி வந்து நிற்கிறது!

"இன்னும் ஒரு வரி வேண்டும்" என்றார் க்ளெமான்.

"என்ன வரி?"

க்ளெமான் முன்பே எழுதி வைத்திருந்தார். இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். துரை படித்தார், காது சிவந்தது.

"முடியாது. பாதை வேறு, இது வேறு. கோர்ட் சொன்னதை நான் பொய் என்று எழுத வேண்டுமா?"

"கோர்ட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உங்கள் பெரியப்பாவுக்குச் செய்த மரியாதையைப் பற்றித்தான் இருக்கிறது. போட்டோவைப் போய் ஒரு முறை பாருங்கள். தன் சொந்த மண்ணில் உத்தரவு கொடுக்க நிற்கிறவர் எதற்காகப் பூட்ஸைக் கழற்றினார்?"

"எழுதாவிட்டால்?"

"எனக்கு ஒன்றுமில்லை. தட்டு எடுக்கிறவர் எடுக்க மாட்டார். அதற்கு நான் பொறுப்பில்லை."

துரை தாளைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஐயாசாமி தலையில் அடித்துக்கொண்டார். "கைக்கு வந்த வழியை ஒரு வரிக்காகக் கெடுத்துட்டீங்களே! ஊரு பொம்பளைங்க குடத்தைத் தூக்கிட்டு வந்து உங்களைத்தான் கேப்பாங்க" என்று கத்தினார். அவர் சொன்னது நியாயம்தான். க்ளெமானுக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை வக்குவா வீட்டில் மொனிக் இரண்டு தடவை கேட்ட பிறகுதான், சூப்பில் உப்பு இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

மார்கழி பாதி கழிவதற்குள் துரையின் ஆள் பத்திரத்தைக் கொண்டுவந்தான். கையெழுத்து இருந்தது. அந்த வரியும் இருந்தது.

தைப்பூசத்தன்று காலையில் ஊர் பாதாம் மரத்தடிக்கு வந்தது. இரும்புக் கதவைக் கழற்றித் தள்ளி வைத்திருந்தார்கள். தெனி துரை இந்தத் தடவை விருந்தாளிகளைக் கூப்பிடவில்லை, தனியாக நின்றார். தட்டு தயாராக, ஒரு மணைப் பலகைமேல் இருந்தது. அதைத் தூக்கத்தான் ஆளில்லை. விநாயகம் கூட்டத்தின் கடைசியில், பால்குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். மேளக்காரர்கள் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

பத்திரத்தை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். ஐயாசாமி க்ளெமானைத் தள்ளினார். க்ளெமான் சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கியை இழுக்க முன்னால் யாரும் இல்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த கட்டைகள்மேல் ஏறி நின்றார். முதலில் பிரெஞ்சில் படித்தார்; துரை தலையசைத்தார். பிறகு கிரியோலில் சொன்னார். இந்த வழி பெத்தி ரவீன்காரர்களின் வழி, இதில் நடக்க எவரும் எவரிடமும் உத்தரவு கேட்டதில்லை. பெண்கள் பக்கமிருந்து ஒரு குலவை எழுந்து அடங்கியது. அடுத்தது அந்த வரி. காவடி நாளில் தரும் தட்டு ஊரார் தங்கள் விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. கதவு போடும்வரை யாரையும் நடக்க வேண்டாம் என்று தோட்டத்தார் தடுத்ததில்லை, இதைச் சொன்ன விநாயகம் உண்மையே சொன்னார் என்று தோட்டத்தின் சொந்தக்காரர் தன் கையெழுத்தால் ஒப்புக்கொள்கிறார்.

கூட்டம் திரும்பி விநாயகத்தைப் பார்த்தது. அவர் அசையவில்லை. கிரியோலில் சொன்னது போதவில்லையோ என்று க்ளெமானுக்குத் தோன்றியது. தன்னிடம் இருந்த கொஞ்சத் தமிழைத் தேடிப் பொறுக்கினார்.

"விநாயகம் அண்ணே பொய் சொல்லல. நான்தான் பேசாதீங்கன்னேன். அவரு சொன்னது உண்மை."

பத்திரத்தில் இல்லாத நடு வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டார் என்பதை ஐயாசாமி மட்டும் கவனித்தார். குரல் கடைசியில் நின்றவர்கள்வரை கேட்டது.

விநாயகம் பால்குடத்தைப் பூங்காவனத்திடம் கொடுத்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கட்டைகளுக்குக் கிட்டே வந்தார். தட்டுக்குப் பக்கத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு தரம் படிங்க மிசியே."

க்ளெமான் மறுபடியும் படித்தார். விநாயகம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கோயில் பக்கம் நடந்தார், தட்டைத் தொடுவதற்கு முன் கைகால் கழுவிக்கொண்டு வர. ஊர் காத்திருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெனி துரை குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். க்ளெமான் கட்டைகளிலிருந்து இறங்கவில்லை. தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். விநாயகம் திரும்பி வந்து மறுபடியும் கேட்டால் படிக்க வேண்டுமே.